பன்னிரண்டில் பதினொரு பேர்

கதை படிப்பதற்கு யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் போதும். மற்றதைக் கதையே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண் ஏன் பாதி ராத்திரியில் கதவைத் திறந்தாள் என்ற கேள்வியை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, விடையை இருபதாவது அத்தியாயம் வரையில் மறைத்து வைத்துக்கொள்வதுதான் எங்கள் தொழில் ரகசியம். வாசகர் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு மறு முனையை நாங்கள் இழுக்கிறோம். அவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்.

சரித்திரப் புத்தகத்திலும் விஞ்ஞானக் கட்டுரையிலும் சர்க்கார் அறிக்கையிலும் அந்தக் கயிறு கிடையாது. அங்கே கேள்வியை எழுப்புகிற வேலை வாசகர் தலையில் விழுந்துவிடுகிறது. கேள்வி இல்லாமல் உள்ளே நுழைந்தவர், சந்தைக்குப் பை இல்லாமல் போனவரைப் போல, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். கதையல்லாத எழுத்தைப் படிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லித் தருவது என்று மற்ற எல்லோரையும்விட அதிகமாக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் பெரிய வெற்றி கண்டார்கள் என்பதற்காக நான் அந்தச் சரித்திரத்தைச் சொல்லப் போவதில்லை. தங்கள் தோல்விகளை அளந்து பார்த்து, வெட்கப்படாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காகவே சொல்கிறேன்.

ஹோரேஸ் மான் என்பவர் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் வக்கீலாக இருந்து, அங்கே சட்டசபை மேல்சபையின் தலைவராகவும் ஆனவர். 1837-ல் அந்த ராஜ்யத்தில் கல்வி போர்டு ஒன்று ஏற்பட்டபோது, நல்ல வருமானத்தையும் அரசியல் பதவியையும் விட்டுவிட்டு அதன் முதல் காரியதரிசியானார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். 1838-ல் தமது இரண்டாவது அறிக்கையை எழுதும்போது ஒரு விஷயத்தைக் கணக்காகவே தெரிந்துகொள்ள விரும்பினார். வாசிக்கும் குழந்தைகளில் எத்தனை பேர், தாங்கள் வாசிப்பது இன்னது என்று அறிந்து வாசிக்கிறார்கள்? ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக் கமிட்டியும் எழுதி அனுப்பியதைக் கூட்டிப் பார்த்தார். வாசிப்பு வகுப்பில் உள்ள குழந்தைகளில் பன்னிரண்டில் பதினொரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாங்கள் வாசிக்கும் சொற்களின் பொருள் தெரியவில்லை என்று கண்டார்.

இந்தக் குழந்தைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கணீரென்று வாசித்தார்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள், ஏற்ற இறக்கம் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்களே அதற்கென்று அமைந்தவை. 1836-ல் வெளிவரத் தொடங்கி லட்சக்கணக்கில் விற்ற மக்கஃபி வாசகங்களிலும் குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது என்பதற்கு நிறைய இடம் உண்டு. வாசிப்பு என்றால் வாய்க்கும் காதுக்கும் உள்ள சம்பந்தம் என்றே உபாத்தியாயர்கள் எண்ணினார்கள். நடுவில் மனம் என்று ஒன்று இருப்பது பரீட்சையில் வரவில்லை. அர்த்தம் தெரியாத செய்யுளை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துக் கைதட்டல் வாங்கும் காட்சி நமக்கும் புதிதல்லவே!

இதிலிருந்து வெளியே வர அவர்களுக்கு எண்பது வருஷம் பிடித்தது. 1917-ல், கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் தார்ன்டைக், ஒரு சின்னப் பரீட்சை நடத்தினார். ஓர் ஊரில் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தே தீரவேண்டும், குழந்தைக்கு உடம்பு மிகவும் சரியில்லாமல் இருந்தாலும், வீட்டில் யாருக்காவது தொற்று வியாதி இருந்தாலும், பாதை போக முடியாதபடி இருந்தாலும் மட்டும் விலக்கு உண்டு என்ற கருத்துள்ள சிறு பாரா ஒன்றைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். பாராவைப் பார்த்துக்கொண்டே பதில் எழுதலாம். கேள்விகளும் சுலபமானவைதான். வந்த பதில்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். பாராவில் ஏதோ ஒரு சொல் கண்ணில் பெரிதாகப் பட்டிருக்கும். எந்தக் கேள்விக்கும் அதையே பதிலாக எழுதியிருக்கும் ஒரு குழந்தை. 'தவிர', 'அல்லது' போன்ற சின்னச் சொற்கள், வாக்கியத்தின் பொருளையே திருப்பிவிடுகிற சொற்கள், பலர் கண்ணில் படவே இல்லை.

தார்ன்டைக் இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். ஒரு பாராவைப் படிப்பது கணக்குப் போடுவதைப் போன்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளி, ஒன்றோடு ஒன்றைச் சரியாகப் பொருத்த வேண்டும். படித்தல் என்பதே யோசித்தல். தவறாக எழுதிய குழந்தைகளை நிறுத்தி, பாரா புரிந்ததா என்று கேட்டிருந்தால், அவர்களில் பலர் புரிந்தது என்றே சொல்லியிருப்பார்கள் என்பது அவர் அபிப்பிராயம். புரியவில்லை என்று தெரிந்தவனுக்கு வைத்தியம் செய்யலாம். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவனை என்ன செய்வது?

வைத்தியம் ஒன்று இரண்டாம் உலக யுத்த சமயத்தில் கிடைத்தது. இராணுவத்துக்காகத் தேர்ந்தெடுத்த வாலிபர்களைக் குறுகிய காலப் பாடத்திட்டத்தில் படிக்க வைக்கச் சர்வகலாசாலைகளுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் பல வருஷப் படிப்பை விழுங்க வேண்டும். ஓஹையோ ராஜ்ய சர்வகலாசாலையில் மனோதத்துவ நிபுணராக இருந்த ஃபிரான்ஸிஸ் ராபின்ஸன் அவர்களுக்கு ஒரு முறையைக் கற்றுக் கொடுத்தார். 1946-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'எஸ்.க்யூ.3ஆர்' என்று அதற்கு ரசாயனப் பொருளைப் போல ஒரு பெயர் வைத்தார். பெயர்தான் பயமுறுத்துமே தவிர விஷயம் எளிது. அத்தியாயத்தை முதலில் மேலோட்டமாகப் பார். தலைப்புக்களையும் கடைசிச் சுருக்கத்தையும் கவனி. பிறகு ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றிக்கொள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படி. புத்தகத்தை மூடிவிட்டு விடையை உன் சொற்களில் சொல்லிப் பார். எல்லாம் முடிந்த பிறகு மீண்டும் ஒரு முறை திரும்பிப் பார்.

நான்காவது படியான மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு ஏற்கனவே பலமான ஆதாரம் இருந்தது. 1939-ல் ஸ்பிட்ஸர் என்ற ஆராய்ச்சியாளர் ஐயோவா ராஜ்யத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேருக்கு ஒரு சிறு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, சிலருக்கு உடனேயும், சிலருக்குப் பல நாள் கழித்தும் முதல் பரீட்சையை வைத்தார். படித்தவுடனே நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்குப் பல வாரம் சென்றும் விஷயம் தங்கியிருந்தது. மற்றவர்களுக்கு ஓரிரு நாளிலேயே பெரும் பகுதி கரைந்துவிட்டது. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட ஒரு தரம் மூடிவிட்டு யோசிப்பது மேல் என்று இதற்கு அர்த்தம்.

ராபின்ஸன் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது படி. தலைப்பைக் கேள்வியாக மாற்றச் சொன்னபோது, கதாசிரியனிடம் இருந்த கயிற்றைப் பிடுங்கி வாசகன் கையில் அவர் கொடுத்துவிட்டார். 'பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள்' என்பது வெறும் தலைப்பு. 'ராஜா இருந்தும், சேனை இருந்தும், ஒரு தேசம் ஏன் அவனைக் கவிழ்த்தது?' என்று மாற்றிவிட்டால் அதிலே ஒரு நாவல் தொடங்கிவிடுகிறது.

ஆனால் நல்ல முறைகளுக்கு ஒரு சாபம் உண்டு; அவை சீக்கிரத்தில் சடங்காகிவிடும். பாடப்புத்தகம் போடுகிறவர்கள் மாணவனுக்கு ஏன் சிரமம் என்று கேள்விகளையும் தாங்களே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அச்சடித்த கேள்வி புத்தகத்தின் கேள்வி. அதற்குப் பதிலைத் தேடிக் கோடு போட்டுவிட்டு, முன்னும் பின்னும் பாராமல் பையன் புத்தகத்தை மூடிவிடுகிறான்.

இந்த நிலைமையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் டொலோரஸ் டர்க்கின் என்ற பெண்மணி. இலினாய் சர்வகலாசாலைப் பேராசிரியை. அவர் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை பல வகுப்பறைகளின் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, 300 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட, ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிமிஷக் கணக்காகக் குறித்தார். 1978-79-ல் முடிவு வெளியாயிற்று. வாசிப்புப் பாடத்தில், படித்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்பிக்கச் செலவான நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கேள்விகள் ஏராளமாகக் கேட்டார்கள். அவை புரிந்ததா என்று சோதிக்கிற கேள்விகள். சரித்திரம், பூகோளம் போன்ற பாடங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த நேரம் வாசிக்கக் கற்றுக் கொடுக்கிற நேரம் என்று ஓர் ஆசிரியர்கூட எண்ணவில்லை. பாடத்தை முடித்தாக வேண்டுமே!

உபாத்தியாயர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீச்சல் தெரிந்தவனிடம் எப்படி நீந்துகிறாய் என்று கேட்டால், தண்ணீரில் குதித்துக் காட்டுவானே தவிர வாயால் சொல்லத் தெரியாது. நன்றாகப் படிக்கிறவர் மனத்துக்குள் என்ன செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வந்தாலொழியச் சின்னவர்களுக்குப் பிடிபடாது.

அதை வெளியே கொண்டுவந்தவர்கள் அன்மேரி பாலின்ஸ்கார், ஆன் பிரவுன் என்ற இரு பெண்கள். ஆன் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தவர். எழுத்துக்களைப் பிரித்தறிவதில் உள்ள ஒரு கோளாறினால் பதின்மூன்று வயது வரை அவருக்கே படிக்க வராமல் இருந்ததாம். 1984-ல் இருவரும் தங்கள் பரிசோதனையை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், ஹோரேஸ் மான் கண்ட பிள்ளைகளின் வாரிசுகள். தடங்கலில்லாமல் வாசிப்பார்கள், ஒன்றும் புரியாது. ஆசிரியரும் சில பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒரு கட்டுரையில் ஒரு பாராவைப் படிப்பார்கள். ஒருவர் தலைவர். அவர் நான்கு காரியம் செய்ய வேண்டும்: பாராவின் சாரத்தை ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும், சுருக்கிச் சொல்ல வேண்டும், விளங்காத இடத்தை எடுத்துக்காட்டி விளக்கம் தேட வேண்டும், அடுத்தாற்போல் என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகளில் ஒருவன் தலைவன். அவனுக்குப் பின் இன்னொருவன். ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிக்கொள்வார். ஏறக்குறைய இருபது நாட்களில், கேள்வி கேட்கத் தெரியாமல் விழித்த பிள்ளைகள் ஆசிரியரைப் போலவே கேட்க ஆரம்பித்தார்கள். புரிந்துகொள்ளும் சக்தியும் நன்றாக உயர்ந்தது. பல மாதங்கள் கழிந்தும் பயன் அடியோடு போய்விடவில்லை.

மாணவனே ஆசிரியனாக இருப்பது நமக்குப் பழைய கதை என்று வாசகர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். எழும்பூரில் இராணுவ அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் பிரசுரம் போட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவிற்று. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னை முறையில் சட்டாம்பிள்ளை பாடத்தைக் கைமாற்றினான். பாலின்ஸ்காரின் வட்டத்தில் பிள்ளைகள் கைமாற்றிக்கொள்வது சந்தேகத்தை. 'இந்த வரி எனக்கு விளங்கவில்லை' என்று தலைவனே கூசாமல் சொல்ல வேண்டும். அது சின்ன விஷயமா? பெரியவர்கள் கூடுகிற சபைகளில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது?

முறை கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணும் சமயத்தில் 1988-ல் ஒரு குட்டு விழுந்தது. ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வர்ணிக்கும் பகுதியைக் கொடுத்தார்கள். படித்ததை மரத்தாலான சின்ன மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாயாலும் சொல்ல வேண்டும். வாசிப்பில் மட்டம் என்று பெயர் வாங்கிய பையன்களில் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைத் தோற்கடித்துவிட்டார்கள். நம் ஊர் உதாரணம் வேண்டுமானால், எம்.ஏ. படித்த பட்டணத்துக்காரரையும் மூன்றாவது வகுப்போடு நின்ற விவசாயியையும் ஏற்றப்பாட்டையும் வாய்க்கால் மடையையும் பற்றிய ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

விஷயம் தெரிந்தவனுக்குத்தான் விஷயம் புரிகிறது; விஷயம் தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் ஒரு குழந்தை எந்த வழியாக நுழைவது? சின்ன வயதிலேயே, புழுவையும் நட்சத்திரத்தையும் ரயிலையும் பற்றிய புத்தகங்கள் கைக்கு எட்டும்படி கிடப்பதுதான் வழி. நெல் டியூக் என்ற பெண்மணி பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் இருபது முதல் வகுப்புகளைப் போய்ப் பார்த்தார். ஹோரேஸ் மான் அறிக்கை எழுதிய அதே ராஜ்யம். அங்கே ஒரு நாளில் குழந்தைகள் தகவல் நூல்களோடு செலவிட்ட நேரம் சராசரி 3.6 நிமிஷம் என்று 2000-ல் எழுதினார். ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் அதைவிடக் குறைவு. வீட்டிலும் புத்தகம் இல்லாத குழந்தைக்குப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. அப்புறம் பத்து வயதில் அதன் கையில் சரித்திரப் புத்தகத்தைக் கொடுத்து, ஏன் புரியவில்லை என்று கேட்கிறோம்.

2010-ல் அமெரிக்காவில் பல ராஜ்யங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரம் இதற்கு ஒரு பரிகாரம் சொன்னது. நாலாம் வகுப்பில் படிப்பதில் பாதி கதையல்லாத எழுத்தாக இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு. இலக்கிய ஆசிரியர்கள் பதறிப் போனார்கள். நாவலை விரட்டிவிட்டு ரயில்வே அட்டவணையைக் கொண்டுவருகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. எழுபது பங்கு என்பது சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் சேர்ந்த கணக்கு என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அந்தத் தஸ்தாவேஜையே அவர்கள் சரியாக வாசிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நாவலாசிரியன் என்ற முறையில் நானும் பதற வேண்டியவன்தான். பதற்றம் வரவில்லை. கட்டுரையைக் கேள்வி கேட்டுப் படிக்கத் தெரிந்த வாசகர் என் கதையையும் கேள்வி கேட்டுப் படிப்பார். நான் ஏமாற்ற முடியாது. அது எனக்கு நஷ்டமாக இருக்கலாம், கதைக்கு லாபம்.

இத்தனை முறைகளையும் படித்த பிறகு, முறை எதுவும் தெரியாத ஒரு பையனின் ஞாபகம் எனக்கு அடிக்கடி வருகிறது. ஃபிரெடரிக் டக்ளஸ் 1818-ல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தான். பால்டிமோரில் எஜமானி அவனுக்கு எழுத்துக்களைச் சொல்லிக் கொடுக்க, எஜமானன் பாதியில் தடுத்துவிட்டான். படித்த அடிமை கைக்கு அடங்க மாட்டான் என்பது அவன் வாதம். அன்றே பையனுக்கு எதைப் பிடிக்க வேண்டும் என்று புரிந்துவிட்டது. பசித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்துத் தெருவில் பாடம் கற்றான். பன்னிரண்டு வயது சுமாருக்கு, ஐம்பது சென்ட் சேர்த்து, பிரசங்கங்கள் அடங்கிய ஒரு பள்ளிப் புத்தகம் வாங்கினான். அதில் ஓர் அடிமையும் எஜமானனும் வாதாடும் சம்பாஷணை ஒன்று இருந்தது. எஜமானனின் நியாயங்களை ஒவ்வொன்றாக அடிமை உடைத்து, கடைசியில் விடுதலை பெறுகிறான்.

பெரியவர்கள் பேச்சில் 'அபாலிஷன்' என்ற சொல் அடிக்கடி அவன் காதில் விழும். அதைச் சொல்லும்போதெல்லாம் எஜமானர்கள் முகம் சிவக்கும். அகராதியைப் பார்த்தான். ஒழிக்கும் செயல் என்று இருந்தது. எதை ஒழிப்பது? யாரையும் கேட்கவும் பயம். கடைசியில் ஒரு பத்திரிகையில், அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும் என்று காங்கிரஸுக்குப் பலர் விண்ணப்பம் செய்துகொண்ட செய்தியைக் கண்டான். அந்தச் சொல்லும் அதிலே இருந்தது. அர்த்தம் விளங்கிவிட்டது. தன்னைப் பற்றித்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்! இதை அவரே 1845-ல் வெளியிட்ட தமது சரிதையில் சொல்கிறார்.

ராபின்ஸன் சொன்ன கேள்வியும், பாலின்ஸ்கார் சொன்ன விளக்கம் தேடுதலும், தார்ன்டைக் சொன்ன சொல்லின் எடையும் இதில் இருக்கின்றன. பெயர்தான் இல்லை. நான் ஏன் அடிமையாக இருக்கிறேன் என்ற ஒரே கேள்வி அவனை எல்லா வரிகளுக்கும் இட்டுச் சென்றது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படிப்பட்ட கேள்வி அமைய வேண்டாம். அது எவ்வளவு கொடுமையிலிருந்து பிறந்தது! சௌகரியமாக வளரும் குழந்தையிடம் அந்தப் பசியில் ஒரு கடுகளவையாவது உண்டாக்குவதற்குத்தான் இந்த முறைகள் எல்லாம்.

டக்ளஸ் 1838-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ந் தேதி பால்டிமோரிலிருந்து தப்பினார். வந்து குடியேறிய ஊர் நியூ பெட்ஃபோர்ட், மாஸச்சூஸெட்ஸில் இருப்பது. அந்த வருஷத்து முடிவில்தான் ஹோரேஸ் மான் தமது அறிக்கையை எழுதினார். பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பன்னிரண்டில் பதினொரு பேர் பொருள் தெரியாமல் வாசித்த அந்த ராஜ்யத்தின் ஒரு துறைமுகத்தில், படிக்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட இருபது வயது வாலிபர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தாதாரராகி, வாரா வாரம் வரி வரியாக அதைப் படித்தார்.